‘பைசன்டைன்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது நேரும் தவறுகள்

ஆங்கிலக் கட்டுரையில் ‘பைசன்டைன் விதிமுறைகள்’ என்று வந்தால், அதைப் ‘பைசாந்திய விதிமுறைகள்’ என்று தமிழாக்கிவிடுகிறோம். படிப்பவர் ஏதோ பழைய பேரரசின் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். எழுதியவர் சொல்ல வந்ததோ வேறு: உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாத விதிகள். பேரரசைக் குறிக்கும்போது ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். சிக்கலைக் குறிக்கும்போது பலர் சிறிய எழுத்தில் எழுதுவார்கள். தமிழில் அந்த வசதி கிடையாது. ஆகவே அந்தப் பேரரசு (கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசு), அதன் ஓவியம், கட்டடம், நாணயம் பற்றிய பேச்சு என்றால் மட்டும் ‘பைசாந்திய’ என்று எழுதுங்கள். மற்ற இடங்களில் பொருளை எழுதினால் போதும்: ‘தலைசுற்ற வைக்கும் விதிமுறைகள்’, ‘திரைமறைவுச் சூழ்ச்சி’.

அடுத்த தவறுதான் என் மனம் பொறுக்காதது. அந்த மக்கள் தங்களைப் பைசாந்தியர் என்று சொல்லிக்கொண்டார்கள் என நினைப்பது. பைசாந்தியம் என்பது, கிரேக்கத்தின் மெகாராவிலிருந்து வந்தவர்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் பொஸ்போரஸ் நீரிணைக் கரையில் அமைத்த ஊர். கி.பி. 330இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதைத் தன் தலைநகராக்கியபின் அது கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) ஆனது. 1453இல் ஒட்டோமான்கள் கைப்பற்றும்வரை அங்கிருந்தவர்கள் கிரேக்கம் பேசினார்கள், ஆனால் தங்களை ரோமர் என்றே சொன்னார்கள். அக்கம்பக்கத்து நாட்டாருக்கும் அது ரோம்தான். இந்த ரோமரிடமிருந்து செல்ஜுக் துருக்கியர் கைப்பற்றிய அனத்தோலியாவுக்கு (இன்றைய துருக்கியின் பெரும்பகுதி) ‘ரூம்’ என்று பெயர். அங்கே கொன்யாவில் வாழ்ந்ததால்தான் கவிஞர் ஜலாலுத்தீன் ‘ரூமி’ ஆனார்.

பழைய ஊர்ப்பெயர் அடியோடு மறையவில்லை. தலைநகரத்துக்காரரைப் பைசாந்தியர் என்று சொல்லும் வழக்கம் இருந்தது. ஆனால் பேரரசு முழுவதற்கும் அந்தப் பெயர் பரவக் காரணமாக இருந்தது, ஜெர்மானிய அறிஞர் ஹியரோனிமஸ் வோல்ஃப் 1557இல் வெளியிட்ட வரலாற்று நூல்தொகுப்பு. அரசு அழிந்து 104 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்கு முன்பே மேற்கு ஐரோப்பியர் இவர்களை ரோமர் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் கிரேக்கர் என்று எழுதிவந்தார்கள். 800இல் மேற்கு ஐரோப்பிய மன்னர் சார்லமேனுக்கு ரோமில் முடிசூட்டிய பிறகு, ரோமப் பேரரசர் என்ற பட்டம் அவர்களுக்கே தேவைப்பட்டதே!

சரி, இந்தப் பெயரடைக்கு எல்லா மொழியிலும் ஒரே பொருள்தானா? இல்லை. ஆங்கிலத்தில் சிக்கல், சூழ்ச்சி. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் ‘பைசாந்திய விவாதம்’ என்றால் மயிர்பிளக்கும் வீண்வாதம். ஜெர்மனில் ‘பைசாந்தியத்தனம்’ என்றால் அதிகாரத்தில் இருப்பவரிடம் காட்டும் கூழைக்கும்பிடு. அந்த நகரம் இன்று இருக்கும் துருக்கியிலேயே ‘பைசாந்திய விளையாட்டு’ என்றால் சூழ்ச்சி. மூலம் பிரெஞ்சா ஜெர்மனா என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ‘சிக்கலான’ என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். இன்னொன்று: துருக்கியர் மதிலை முற்றுகையிட்டிருந்தபோது உள்ளே தேவதூதர்கள் ஆணா பெண்ணா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள் என்ற கதையை வரலாறு என்று எழுதாதீர்கள். அது வெறும் கட்டுக்கதை.

அகராதிப் பொருளையே அந்த மக்களின் குணத்துக்குச் சான்றாகக் காட்டுவதும் தவறு. அரண்மனைக் கொடுமைகள் இருந்தன; 797இல் பேரரசி ஐரீன் தரப்பினர் அவள் மகனின் கண்களையே குருடாக்கினார்கள். ஆனால் இதே அரசுதான் 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில் ரோமச் சட்டங்களைத் தொகுத்தது. பின்னாளில் ஐரோப்பியச் சட்டங்கள் பலவற்றுக்கு அடிப்படை அதுதான். அதன் பொற்காசு ஏறத்தாழ 700 ஆண்டுகள் மாற்றுக் குறையாமல் இருந்தது. மேற்கு ஐரோப்பாவில் அந்தக் காசுக்கு ‘பெசன்ட்’ என்று பெயர், அதாவது பைசாந்தியக் காசு. பிறகு அரபு நாட்டுப் பொற்காசுகளையும் அப்படி அழைத்தார்கள். நல்ல தங்கத்துக்குப் பேராக இருந்த ஊர், 18ஆம் நூற்றாண்டில் மான்டெஸ்கியூ, கிப்பன் போன்ற ஐரோப்பிய எழுத்தாளர்கள் அந்த வரலாற்றைச் சீரழிவின் கதையாக எழுதியபின் வசைச்சொல்லானது.

கணினித் துறையில் எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ‘பைசாந்தியக் கோளாறு’ என்பது சிக்கலான கோளாறு அல்ல. 1982இல் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் எழுதிய ‘பைசாந்தியத் தளபதிகள் புதிர்’ கட்டுரையிலிருந்து பரவிய பெயர் அது. ஒரு நகரைச் சூழ்ந்து நிற்கும் தளபதிகள் ஆளனுப்பிப் பேசி ஒரே முடிவுக்கு வர வேண்டும். அவர்களில் ஒரு துரோகி, ஒருவரிடம் ‘தாக்கு’ என்றும் இன்னொருவரிடம் ‘பின்வாங்கு’ என்றும் சொல்வான். கையொப்பமில்லாத செய்திகள் என்றால், மூன்று பேரில் ஒருவன் துரோகியாக இருந்தாலும் உடன்பாடு உறுதியில்லை. குறைந்தது நான்கு பேர் வேண்டும். தளபதிகளின் இடத்தில் சேர்ந்து வேலை செய்யும் கணினிகளை வைத்துப் பாருங்கள். பழுதான கணினி பேசாமல் நின்றுபோவது ஒரு வகை. அது ஆளுக்கொன்று சொல்லி மற்றவற்றைக் குழப்புவதுதான் இந்த வகை. இங்கே ‘பைசாந்திய’ என்பதை மாற்ற வேண்டாம், அது துறைப்பெயர். முதல்முறை வரும்போது ‘ஆளுக்கொன்று சொல்லும் கோளாறு’ என்று பக்கத்திலேயே விளக்கிவிடுங்கள்.