கரவாஜ்ஜோவின் இருளை நகலெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய எண்ணெய் ஓவியம் ஒன்றை நகலெடுக்கச் சொன்னால், பயிற்சிக்கு வரும் பலர் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1602-இல் தீட்டிய ‘கிறிஸ்து கைது செய்யப்படல்’ ஓவியத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். கெத்சமனே தோட்டத்தில் யூதாஸ் முத்தமிட்டுத் தன் குருவைக் காட்டிக்கொடுக்கும் அந்தக் காட்சியில் ஏழு பேரும் இருளும் மட்டுமே இருப்பதால், பின்னணி வேலை மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். நாங்கள் கற்கத் தொடங்கிய காலத்துப் பிழைகளையே இவர்களும் செய்கிறார்கள். தூரிகையைக் கழுவாமல் விடுவது போன்றவற்றை நான் இங்கே பேசப் போவதில்லை.

வெள்ளைக் கேன்வாஸில் கருப்பை அப்பித் தொடங்குவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். மூல ஓவியத்தின் அளவிலேயே, அதாவது 133.5 × 169.5 செ.மீ. அளவில், விலையுயர்ந்த லினன் கேன்வாஸ் வாங்கிவந்த ஒரு மாணவர், எவ்வளவு சொல்லியும் கேளாமல், முதல் நாளே பின்னணி முழுவதையும் ஐவரி பிளாக் என்ற கருப்பு வண்ணத்தால் தடிமனாக நிரப்பினார். அந்தக் கருப்பு எண்ணெயை மிகுதியாக உறிஞ்சுவது. மிக மெதுவாகக் காய்வது. மேற்பரப்பு தொட்டால் ஒட்டவில்லை என்பதை நம்பி, அதன்மேல் முகங்களை வெள்ளை கலந்து தீட்டினார். வெள்ளை கருப்போடு கலந்த இடமெல்லாம் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகி, இயேசுவின் முகம் கைதாகும் முன்பே பிணத்தின் முகமாகிவிட்டது. சில மாதங்களில் அடியிலிருந்த கருப்பு மெல்ல அசைய, யூதாஸின் நெற்றி வலைபோல வெடித்தது. கேன்வாஸும் வண்ணமும் உழைப்பும் வீண்.

கரவாஜ்ஜோ வெள்ளைப் பரப்பின்மீது இருளைப் பூசியவர் அல்லர். பழுப்பு நிற அடிப்பூச்சின்மீது ஒளியை ஏற்றியவர். நிழல் விழும் பல இடங்களில் அந்த அடிப்பூச்சையே அப்படியே விட்டுவிடுவது அவர் வழக்கம். ஆகவே, பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணத்தை டர்பென்டைனில் கரைத்து மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, ஒளிபடும் பகுதிகளை மட்டும் கட்டியெழுப்புங்கள். அம்பரில் உள்ள மாங்கனீசு விரைவில் காய உதவும். கருப்பு தேவையெனில், கடைசியில், மிக ஆழமான இடங்களில், அம்பரோடு கலந்து மெல்லிய படலமாக வைத்தால் போதும்.

விளக்கை நம்புவது

வலப்புறம் விளக்கை உயர்த்திப் பிடித்திருப்பவர் கரவாஜ்ஜோவே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அந்த விளக்கைப் பார்த்ததும் பலர் ஒளியை வலப்பக்கத்திலிருந்து கொண்டுவருகிறார்கள். உண்மையில் ஒளி சட்டத்துக்கு வெளியே, இடப்புறம் மேலிருந்து விழுகிறது. இதைத் தவறவிட்டால் யூதாஸின் நெற்றிச் சுருக்கம் முதல் கவசத்தின் மினுமினுப்பு வரை அனைத்தும் தலைகீழாகும்.

கவசத்துக்கு வெள்ளிநிற வண்ணக் குழாய்

வாங்காதீர்கள்.

எல்லா முகங்களையும் ஒரே அழுத்தத்தில் முடிப்பது

படைவீரர்களின் முகங்களைத் தலைக்கவசம் மறைக்கிறது. ஒருவர் ஏறத்தாழ இருளுக்குள்ளேயே நிற்கிறார். கைபேசியில் வெளிச்சத்தைக் கூட்டி அவரைத் ‘தெளிவாக்கி’ வரைபவர்கள், இயேசுவின் கோத்த விரல்களுக்கு வரும்போது களைத்துவிடுகிறார்கள். அந்த விரல்களுக்கும், யூதாஸின் பிடிக்கும், இருவர் தலைக்கு மேலும் வளைவாக விரியும் சிவப்பு மேலாடைக்கும் நேரத்தை ஒதுக்குங்கள்.

நகலை நகலெடுப்பது

இணையத்தில் இதன் படங்கள் பல உண்டு. உக்ரைனின் ஒடெசா அருங்காட்சியகத்தின் பிரதியும், 2008-இல் திருடுபோய் 2010-இல் மீட்கப்பட்டது அதுதான், அவற்றில் அடக்கம். ஆய்வாளர்கள் பலர் அதை நகலாகவே கருதுகிறார்கள். டப்ளினில் இயேசு சபையினரின் இல்லத்தில் வேறொருவர் பெயரில் தொங்கிக்கொண்டிருந்து, 1990-இல் ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் செர்ஜியோ பெனடெட்டியால் அடையாளம் காணப்பட்ட மூலம், இப்போது அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. படத்தைத் தரவிறக்கும்முன் கீழே அந்தக் கலைக்கூடத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.