வளர்ற பன்னிக்கு தீனி: புரோட்டின் விஷயத்துல தவிர்க்க வேண்டிய தப்புங்க

மலேசியாவுல சுங்கை சிப்பூட் சுத்துவட்டாரத்துல பன்னி வளர்க்கிற நம்மாளுங்க, கொட்டாய்ல வேலை செய்ற அண்ணன் தம்பிங்க, யார்கிட்ட பேசினாலும் முதல்ல கேக்கிறது "புரோட்டின் எத்தன பர்சென்ட்?" தான். கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அதோட நிறுத்திடுறாங்க, பெரிய தப்பே அங்கதான் ஆரம்பிக்குது.

செம்பனை கொட்டை புண்ணாக்க எடுத்துக்கோங்க, நம்ம பக்கம் மலிவா கெடைக்குது. அதுலயும் 16 பர்சென்ட் வாக்குல புரோட்டின் இருக்கு, நல்லா கலந்த தீனி மூட்டையிலயும் அதே 16தான் போட்டிருக்கு. லேப்ல நைட்ரஜன அளந்து 6.25ஆல பெருக்கி வர்ற கணக்குதான் அந்த பர்சென்ட், உள்ள என்ன அமினோ அமிலம் (புரோட்டின் இதுங்க சேந்துதான் ஆகுது) இருக்கு, எவ்ளோ செரிக்கும்னு அது சொல்லாது. பன்னிக்கு முதல்ல பத்தாம போறது லைசின்ற அமினோ அமிலம். சோயா புண்ணாக்குல ஏறக்குறைய 2.8 பர்சென்ட் லைசின் இருக்கு, சோளத்துல 0.25, கொட்டை புண்ணாக்குல அரை பர்சென்ட் பக்கம்தான், அதுவும் நாரு ஜாஸ்தின்றதால நெறைய செரிக்காமலே சாணியோட போயிடும். 25 கிலோல இருந்து 50 கிலோ வரைக்கும் உள்ள பன்னிக்கு செரிக்கிற லைசினே தீனியில 1 பர்சென்ட் கிட்ட வேணும். அது பத்தலன்னா மத்த அமினோ அமிலம் எவ்ளோ இருந்தும் கறி புடிக்காது, கொழுப்பாவும் மூத்திரமாவும்தான் போகும். கொட்டை புண்ணாக்கே வேணாம்னு சொல்லல, பெரிய பன்னிக்கு அளவா கலக்கலாம், 30 கிலோ குட்டிக்கு அதையே ரொப்பாதீங்க.

அடுத்தது, பால் மறந்ததுல இருந்து லாரி ஏத்துற வரைக்கும் ஒரே தீனிய போடுறது. 25-50 கிலோல 17, 18 பர்சென்ட் புரோட்டின், 50-80ல 15, 16, அதுக்கு மேல லைசின் சரியா இருந்தா 13, 14 போதும். தராசு இல்லன்னு யாரும் சொல்லாதீங்க, தையல்கார டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்ச சுத்தி அளங்க, காது நடுவுல இருந்து வால் அடி வரைக்கும் நீளம் பாருங்க, ரெண்டும் மீட்டர்ல. சுத்தளவ சுத்தளவாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, அப்புறம் 69.3ஆல பெருக்குங்க. சுத்தளவு 0.90, நீளம் 0.95ன்னா 53 கிலோ வரும், அப்ப தீனி மாத்துற நேரம் வந்துடுச்சி. ஒரே நாள்ல மாத்தாம அஞ்சாறு நாளா பழசும் புதுசும் கலந்து மாத்துங்க, இல்லன்னா கழிச்சல் போகும்.

வெயில் காலத்துல பன்னி சரியா சாப்பிடாது, அதுக்கு வேர்த்து சூடு தணிக்கவும் தெரியாது. 2 கிலோ தின்னா 16 பர்சென்ட்ல 320 கிராம் புரோட்டின், 1.6 கிலோதான் தின்னுச்சின்னா 256 கிராம். இத பாத்துட்டு சோயாவ அள்ளி கொட்டுறாங்க, அது இன்னும் மோசம், ஏன்னா புரோட்டின் ஜாஸ்தியானா அத செரிச்சி, மிச்சத்த வெளிய தள்றதுலயே உடம்பு சூடாகும், தண்ணி நெறைய குடிக்கும், கொட்டாய் பூரா அமோனியா நாத்தம், பக்கத்து வீட்டுக்காரங்க புகார் வேற. ஒரு டன் தீனிக்கு 50 கிலோ சோயா புண்ணாக்க எடுத்துட்டு 48.5 கிலோ சோளமும் 1.5 கிலோ லைசின் பவுடரும் போடலாம், லைசின் குறையாது, புரோட்டின் ரெண்டு பாயிண்ட் கிட்ட இறங்கும். ஒரு பாயிண்ட் இறங்கினாலே கழிவுல போற நைட்ரஜன் 8, 10 பர்சென்ட் குறையும். கூட ரெண்டு மூணு பர்சென்ட் செம்பனை எண்ணெய் சேருங்க, அது செரிக்கிறப்ப சூடு கம்மி. விடியக்காலையும் வெயில் தாழ்ந்தும் தொட்டிய நெரப்புங்க.

பச்சை சோயா கொட்டைய அப்படியே அரைச்சி போடாதீங்க, புரோட்டின செரிக்கவிடாத பொருள் அதுல இருக்கு, வறுத்தாதான் அடங்கும். மரவள்ளி கிழங்குல மாவுதான், புரோட்டின் ரெண்டு மூணு பர்சென்ட்தான், அத நம்பி சோயாவ குறைக்காதீங்க.

ஓட்டல் மிச்சம், கல்யாண வீட்டு மிச்சம் இதெல்லாம் கண்டிப்பா வேணாம். ஒரு நாள் வெறும் சோறு, மறுநாள் எலும்பும் எண்ணெயுமா வரும், எந்த கணக்கும் நிக்காது. அதவிட பெரிய பயம் ஆப்பிரிக்க பன்னிக்காய்ச்சல், 2021ல சபாவுல வந்து அதே வருஷம் தீபகற்பத்துக்கும் வந்துடுச்சி, மிச்சத்துல இருக்கிற பன்னிக்கறி வழியாவே பரவும், அதுக்கு மருந்தும் கிடையாது. தீனி வெல ஏறினாலும் அந்த வாளிய கொட்டாய் பக்கமே கொண்டு வராதீங்க.