போத்தலை நிறுத்த முன் டாங்கியைத் திறந்து பாருங்கள்

திருகோணமலைக்குக் குடிவருகிறவர்கள் முதல் வாரமே 19 லீற்றர் குடிதண்ணீர்ப் போத்தல் இரண்டை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். வயிறு பழகும்வரை என்று தொடங்கியது ஒரு வருடம் ஓடியது. தண்ணீர்ப் பில்லில் ஓர் அலகு என்றால் 1,000 லீற்றர். அந்தப் போத்தல் கணக்கில் ஐம்பதுக்கும் மேல். உங்கள் பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், மிச்சத்தை நீங்களே கணக்குப் போடுவீர்கள்.

போத்தலை நிறுத்திவிட்டு ஃபில்டர் வாங்கக் கடைக்குப் போக முன் ஒரு விஷயத்தை அறிந்துகொள்ளுங்கள்: உங்கள் பைப்பில் வருவது நீர்வழங்கல் சபைத் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா? நகரத்துக்குக் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வரும் சபைத் தண்ணீர் சுத்திகரித்து, குளோரின் கலந்து வருவது. அந்த மணத்துக்குப் பயப்பட வேண்டாம், கரி ஃபில்டரே அதை எடுத்துவிடும். கடற்கரையோரக் கிணறுகளில் பல சவர். பக்கத்து ஊருக்கு உப்புவெளி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? சவர்த் தண்ணீருக்குக் கரி ஃபில்டர் உதவாது. கொதிக்கவைத்தாலும் உப்புப் போகாது. அதற்கு உப்பை மென்சவ்வால் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. மெஷின்தான் வேண்டும். சில வீடுகளில் இரண்டு தண்ணீரும் ஒரே டாங்கிக்குள் விழும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

நான் கேட்கவில்லை. கடைக்காரர் சொன்னதை நம்பி, சபைத் தண்ணீர் வரும் வீட்டுக்கு ஆர்.ஓ. வாங்கிப் பூட்டினேன். ஒரு லீற்றர் குடிக்கக் கிடைத்தால் இரண்டு மூன்று லீற்றர் கழிவாக ஓடும். அதையாவது வாளியில் பிடித்துத் தரை கழுவினேன். ஒரு மாதத்திலேயே முன்வடிகட்டி சேற்று நிறமாகி அடைத்துக்கொண்டது. கடைக்காரருக்குப் போன் பண்ணினால், “உங்கட தண்ணி சரியில்லை” என்றார். வீட்டுக்கார அம்மாதான் கேட்டார்: “தம்பி, மேல டாங்கிக்குள்ள எப்பவாவது எட்டிப் பாத்தனீங்களோ?”

ஏறிப் பார்த்தேன். மூடி வெடித்திருந்தது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு, ஒரு செத்த பல்லி. இதற்குப் பிறகு என்ன ஃபில்டர் வேண்டிக்கிடக்கிறது! தண்ணீரை இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு ஊறவிட்டு, மறுபடி அலசிப் புது மூடி போட்டோம். நுளம்பு முட்டையிடாமல் இருக்கவும் மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். டெங்கு இந்த ஊருக்குப் புதிதல்ல.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது மண்துகளைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி, அடுத்து ஒரு கரி வடிகட்டி, அவ்வளவுதான். வடித்ததைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மண்பானையில் மூடி வைக்கிறோம். கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடுவதால் வடித்த தண்ணீரை நாள்கணக்கில் வைத்துக் குடிக்கக்கூடாது. வடிகட்டிக்குள் மாற்றிப் போடும் கார்ட்ரிட்ஜைக் காலம் கடத்தினால் அதற்குள்ளேயே கிருமி வளரும். பூட்டிய திகதியை அதன்மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள், கம்பனி சொன்ன தவணைக்கு மாற்றுங்கள். யூவி (புற ஊதா) விளக்கு உள்ள மெஷின் என்றால், கரண்ட் இல்லாத நேரம் அது கிருமியைக் கொல்லாது.

கிணறு மட்டுமே உள்ள வீடு என்றால் கதை வேறு. உலர்வலயக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட் கூடுதல், அது நாக்குக்குத் தெரியாது. தண்ணீரைப் பரிசோதிக்க எங்கே கொடுப்பது என்று பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அறிக்கை கையில் வந்த பிறகு மெஷின் வாங்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பைப் தண்ணீர் கலங்கலாக வந்தால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். வெள்ளம் ஏறிய கிணற்றைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யாமல் தொடவே வேண்டாம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க எந்த மாதமானாலும் கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

வெற்றுப் போத்தலுக்கு முற்பணம் கட்டியிருந்தால் கடையில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒன்றை மட்டும் நிறைத்து வைத்திருங்கள், பைப்பில் காற்று மட்டும் வரும் நாளுக்கு.