கடிதத்தைப் பெற்றவரிடம் தேடுங்கள்

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கக்கால அமெரிக்க எழுத்தாளர்களின் கடிதங்களைத் தேடுவோர், அனுப்பப்பட்ட கடிதம் பெரும்பாலும் பெற்றவரிடமே தங்கிவிடும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எழுத்தாளர் ஹெமிங்வேயின் கையெழுத்துப் படிகள் முதலான ஆவணங்கள் பாஸ்டனில் கென்னடி நூலகத்தில் உள்ளன. ஆனால் அவர் தம் பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்சுக்கு எழுதிய கடிதங்களைப் பார்க்க, ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்தின் ஆவணங்களைப் பாதுகாக்கும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தையே நாட வேண்டும். ஆகவே எழுத்தாளரின் பெயரோடு நிறுத்தாமல் பதிப்பாளர், நண்பர், உறவினர் பெயர்களிலும் தேடுங்கள்.

நூலகத் தளத்திலுள்ள தொகுப்பு விவரப்பட்டியலைப் படித்து, பெட்டி எண்ணையும் கோப்புறை எண்ணையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் மேற்கோள் காட்ட இவ்விரண்டும் கட்டாயம் தேவைப்படும். தேதியில்லாத கடிதமாயின் உறையின் அஞ்சல் முத்திரையையும், தாளின் தலையில் அச்சிட்டிருக்கும் விடுதிப் பெயரையும் கவனியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுவே.

படிக்க அனுமதி கிடைத்தாலும் வெளியிடும் உரிமை தனியானது. அமெரிக்க நாவலாசிரியர் வில்லா கேத்தர் தம் கடிதங்களை வெளியிடக் கூடாதென்று உயிலிலேயே எழுதிவைத்தார்; 1947-இல் அவர் மறைந்தார், தேர்ந்தெடுத்த கடிதங்களின் தொகுப்போ 2013-இல்தான் அச்சேறியது.