ஒரு காற்றாடி, இரண்டு பேட்டரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் பலரிடம் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று வீட்டு இன்வெர்ட்டருக்கு, இன்னொன்று யானைக்காகப் போட்ட சோலார் வேலிக்கு. ஆடி மாதம் கரட்டின் மேல் அடிக்கிற காற்றைப் பார்த்தால், காற்றில் சுழன்று மின்சாரம் தருகிற ஒரு சின்னக் காற்றாடி நட்டு இரண்டையும் அதிலேயே சார்ஜ் செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம். பாய்மரப் படகில் நெடுந்தூரம் போகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, விளக்குக்கும் ரேடியோவுக்கும் வேறு பேட்டரிகள், இரண்டுக்கும் ஒரே காற்றாடி. விளக்கு எரிந்த கணக்கில் எஞ்சின் பேட்டரி காலியாகக் கூடாது என்பது அவர்கள் கவலை. வீட்டில் டிவி ஓடிய கணக்கில் வேலி சாகக் கூடாது என்பது நம் கவலை.

பெரிய தவறு, காற்றாடியை சோலார் பேனல் போல நினைப்பது. பேட்டரி நிறைந்ததும் சோலார் கன்ட்ரோலர், அதாவது சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் பெட்டி, பேனலைத் துண்டித்துவிடும், பேனலுக்கு ஒன்றும் ஆகாது. காற்றாடியைத் துண்டித்தால் அதைப் பிடித்து நிறுத்தும் சுமை போய்விடுகிறது. றெக்கை வெறிகொண்டு சுழலும், வோல்டேஜ் எகிறும், கன்ட்ரோலர் கருகும், றெக்கையே பிய்ந்தும் போகலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்கு என்பதை மறக்கக் கூடாது. அதனால் காற்றாடிக்கென்றே செய்த கன்ட்ரோலரும், மிச்ச மின்சாரத்தை வெப்பமாக்கித் தீர்க்கிற டம்ப் லோடும் வேண்டும். அந்த டம்ப் லோடு, காற்றாடி உச்சத்தில் தருவதை முழுக்கத் தாங்க வேண்டும். அது நன்றாகச் சூடேறும், வைக்கோல் போர் பக்கமோ மரப்பலகை மேலோ வைக்காதீர்கள். காற்றாடி வரும் ஒயரில் சின்ன ஃபியூஸ் போடுவதும் இதே தவறுதான். பலத்த காற்றில் அது எரிந்தால், நீங்களே துண்டித்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது, இரண்டு பேட்டரியையும் ஒயர் போட்டு நிரந்தரமாக இணைத்துவிடுவது. புதியது பழையதுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும், கடைசியில் இரண்டும் சேர்ந்து படுக்கும். ஒன்று ட்யூபுலர் (ஆசிட் ஊற்றும் லெட் ஆசிட் வகை), இன்னொன்று லித்தியம் என்றால் இன்னும் மோசம். நிறைந்த 12 வோல்ட் லித்தியம் 13.3 வோல்ட்டில் நிற்கும், லெட் ஆசிட் 12.7-இல் நிற்கும், மின்சாரம் ஓயாமல் ஒரு பக்கம் வடியும். தவிர, லித்தியத்தின் பிஎம்எஸ், அதாவது உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட், சொல்லாமல் கொள்ளாமல் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். காற்றாடி நேராக அதில் மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்பது மேலே சொன்னதுதான்.

இணைக்காமல் பிரிக்க, நடுவில் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டையோடு போடுவார்கள். சாதாரண டையோடு சுமார் 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். கன்ட்ரோலர் தன்னிடம் 14.4 வந்ததும் போதும் என்று விடும், பேட்டரிக்குப் போனதோ 13.7. மாதக்கணக்கில் இப்படி அரைவயிறாக இருந்தால் லெட் ஆசிட் பேட்டரியின் தட்டில் சல்பேட் படிந்து அது கெடும். வோல்டேஜ் பார்த்துத் தானாக இயங்கும் சுவிட்சான ரிலே நல்லது. காற்றாடியை அதன் கன்ட்ரோலர் வழியாக வீட்டு பேட்டரியில் கொடுங்கள், பெரிய தொகுதிதான் அதற்கு நம்பகமான சுமை. அது சுமார் 13.3 வோல்ட் ஏறியதும் ரிலே வேலி பேட்டரியைச் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். வீட்டு பேட்டரியின் வோல்டேஜை மட்டும் பார்க்கிற ரிலேயாகக் கேட்டு வாங்குங்கள். இருபக்கமும் பார்ப்பது, பகலில் வேலியின் பேனல் தருவதை வீட்டுப் பக்கம் இழுத்துவிடும். ரிலே ஒயரின் இரு முனையிலும், அந்தந்த பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும்.

ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். கம்பத்திலிருந்து வீடு 20 மீட்டர், 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் வருகிறது என்றால், 10 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில்கூட போக வர 2 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். வீட்டு பேட்டரியை 24 வோல்ட்டாக வைத்தால் அதே ஒயரில் வீணாகிற மின்சாரம் கால்வாசியாகும். ஆனால் அப்போது 12 வோல்ட் வேலிக்கு ரிலே ஆகாது, 24-ஐ 12-ஆகக் குறைத்துக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

காற்றாடியின் ஒயர்களைச் சேர்த்து நிறுத்தும் பிரேக் சுவிட்சைச் சூறைக்காற்றுக்கு நடுவில் போடாதீர்கள், காயில் கருகும். காற்று தணிகிற நேரம் பார்த்துப் போடுங்கள். சுவிட்ச் டிசி பக்கம், அதாவது பேட்டரியோடு சேரும் ஒயரில், இருந்தால் முதலில் பேட்டரி பிரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஷார்ட் ஆவது பேட்டரி.

நான் அதிகம் வருந்துகிற தவறு ஒன்று உண்டு. காற்றாடி வந்த சந்தோஷத்தில் வேலியின் பேனலைக் கழற்றி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வது. காற்று பலமாக அடிப்பது ஆனி, ஆடியில். ராகி முற்றி யானை இறங்குவது கார்த்திகை, மார்கழியில். அந்த மாதங்களில் வீட்டு பேட்டரி 13.3-ஐத் தொடாத நாளே அதிகம் இருக்கலாம், ரிலே வேலியைச் சேர்க்கவே சேர்க்காது. பேனல் அங்கேயே இருக்கட்டும். பொழுது சாயும்போது ஒரு மல்டிமீட்டர் வைத்து வேலி பேட்டரியைப் பாருங்கள். பேனலில் வெயில் போய் அரை மணி நேரம் கழித்து 12.4-க்குக் கீழே காட்டினால், அன்றைக்கு வீட்டு டிவியை நிறுத்திவிட்டு, வேலியை வீட்டு பேட்டரிக்கு மாற்றிக் கொடுங்கள்.