டர்போ மேனுவல் செடான் பெங்களூருவுக்குப் பொருந்துமா?

டர்போ எஞ்சினும் (வெளியேறும் புகையின் விசையால் கூடுதல் காற்றை உள்ளே அழுத்தி வலுவைக் கூட்டுவது) மேனுவல் கியரும் கொண்ட செடானை வாங்க எண்ணும் பெங்களூருத் தமிழ்க் குடும்பம், குதிரைத்திறனை ஒப்பிடுவதற்கு முன், தன் வண்டி பெரும்பாலும் எங்கே ஓடப்போகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸின் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின், தன் முழு முறுக்குவிசையான (சக்கரத்தைச் சுழற்றும் வலு) 178 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 1,750 சுழற்சியை எட்டிய பின்னரே தருகிறது. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் அந்தச் சுழற்சிக்குக் கீழேயே ஊர்ந்து செல்ல நேர்வதால், வண்டி சற்றுச் சோம்பும். இடது காலுக்குக் கிளட்சிலிருந்து விடுதலை கிடைக்காது. ஹூண்டாய் வெர்னாவின் 1.5 லிட்டர் டர்போ, 1,500 சுழற்சியிலேயே 253 நியூட்டன் மீட்டரைத் தருவதால் இக்குறை அதில் குறைவு.

சோதனை ஓட்டத்துக்குக் காலியான சாலையையே பெரும்பாலும் காட்டுவார்கள். நீங்களோ நால்வருடன் ஏசியை இயக்கி, மேம்பால ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மெதுவாக ஏறிப் பாருங்கள். மாதம் இருமுறையேனும் ஓசூர், தொப்பூர் வழியாகச் சேலம் செல்பவருக்கு, முந்திச் செல்லும்போது கிடைக்கும் இழுவிசை ஒன்றே போதிய காரணமாகலாம். அலுவலகத்துக்கு மட்டுமே ஓட்டுபவர் ஆட்டோமேட்டிக்கைப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

பதிவின்போது வண்டிக்குக் கட்டும் ஆயுள் வரி கர்நாடகத்தில் கடுமையானது என்பதால், ஷோரூம் விலையை அல்ல, சாலைக்கு வரும் மொத்த விலையையே ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டுக்கே திரும்பிக் குடியேறும் எண்ணமிருந்தால், மறுபதிவுக்கும் அங்கே செலுத்த வேண்டிய வரிக்கும் இப்போதே தொகை ஒதுக்குங்கள்.