எருசலேம் தேவாலயத்தின் அழிவைப் பற்றிய தீர்க்கதரிசனத்தை வாசிப்பது எப்படி

மாற்கு 13, மத்தேயு 24, லூக்கா 21 ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒலிவமலையில் இயேசு பேசிய ஒரே உரையின் மூன்று பதிவுகள். இவற்றை வேதபாட வகுப்பில் நடத்த முன்வருகிறவர்களில் பலர், முதல் அரைமணி நேரத்திலேயே செய்தித்தாளுக்குத் தாவி, இன்றைய போர்களையும் பூகம்பங்களையும் வசனங்களோடு பொருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். நான்கு மீனவர்கள் ஒரு குறிப்பிட்ட கட்டடத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலாக இந்த உரையை முதலில் வாசித்து முடிக்கவேண்டும் என்பதும், நம் காலத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பின்னர்தான் எழவேண்டும் என்பதும் என் உறுதியான எண்ணம்.

முதலில் கட்டடத்தை மனக்கண்ணில் நிறுத்துங்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதில் ஒரு தனித் தடை இருக்கிறது. தேவாலயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் ஊரின் மணிக்கூண்டும் வாங்குப்பலகைகளும் கொண்ட சபைக் கட்டடமே நினைவுக்கு வருகிறது. எருசலேமில் இருந்ததோ, யூதர்கள் பலி செலுத்திய மைய ஆலயம். பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் கட்டிய இரண்டாம் ஆலயத்தை ஏரோது ஏறத்தாழ கி.மு. 20இல் விரித்துக் கட்டத் தொடங்கினான். யோவான் 2:20இல் யூதர்கள் 46 வருஷக் கணக்கைச் சொல்லும்போதும் வேலை முடிந்திருக்கவில்லை, கி.பி. 66இல் போர் வெடிப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அது நிறைவடைந்தது என்று யூத வரலாற்றாசிரியரான யோசேபஸ் எழுதுகிறார். ஆலய மேடையைத் தாங்கும் மேற்குச் சுவரில் 13 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒற்றைக் கல் இன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட கற்களைப் பார்த்துத்தான் சீஷன் ஒருவன் வியந்தான். அதற்குத்தான் ‘ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராதபடிக்கு’ எல்லாம் இடிக்கப்படும் என்ற பதில் வந்தது.

அடுத்ததாக, கேட்கப்பட்ட கேள்வியைக் கவனியுங்கள். மூன்று நற்செய்திகளையும் பக்கம் பக்கமாக வைத்து, வேறுபடும் சொற்களின் கீழே கோடிடுவது நல்ல பழக்கம். மாற்கு 13:4இல் பேதுருவும் யாக்கோபும் யோவானும் அந்திரேயாவும் ‘இவைகள்’ எப்பொழுது நடக்கும், அதற்கு அடையாளம் என்ன என்று மட்டுமே கேட்கிறார்கள். மத்தேயு 24:3இல் கேள்வி விரிந்து, இயேசுவின் வருகையும் ‘உலகத்தின் முடிவும்’ அதில் சேர்ந்துகொள்கின்றன. இங்கே உலகம் என்று பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் ஒரு யுகத்தை, காலப்பகுதியைக் குறிப்பது. ஆகவே பூமி அழிவதை மட்டுமே சீஷர்கள் கேட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆலயம் இல்லாத ஓர் உலகத்தை அவர்களால் கற்பனை செய்ய முடிந்ததா என்பதே ஐயம்தான்.

பதிலில் வரும் கட்டளைகளும் இதே திசையைக் காட்டுகின்றன. யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடவேண்டும்; வீட்டின்மேல் இருக்கிறவன் பொருள் எடுக்க உள்ளே போகக்கூடாது; ஓடிப்போவது மாரிகாலத்தில் நேரிடாதபடி வேண்டிக்கொள்ளவேண்டும். உலகம் முழுவதும் ஒரே நொடியில் முடிவுக்கு வருமானால் மலைக்கு ஓடுவதில் என்ன பயன்? இவை ஒரு நாட்டுக்கும், அதன் தட்டைக் கூரை வீடுகளுக்கும், அதன் மழைக்காலத்துக்கும் உரிய எச்சரிக்கைகள்.

பழைய ஏற்பாட்டைத் திறந்து வைக்காமல் இந்த அதிகாரங்களில் ஒரு பத்தியைக்கூடத் தாண்டாதீர்கள். வழிகாட்டியின் மிக முக்கியமான பகுதி இதுவென்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன். ஆலயத்துக்கு எதிராகப் பேசுவது இயேசுவோடு தொடங்கிய வழக்கமன்று. சீயோன் வயலைப்போல உழப்படும் என்று மீகா 3:12 சொன்னது. ஆலயம் நம்மிடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அநியாயம் செய்தவர்களிடம், முன்பு ஆசரிப்புக் கூடாரம் இருந்த சீலோவுக்கு நேர்ந்ததைப் போய்ப் பாருங்கள் என்றார் எரேமியா (7ஆம் அதிகாரம்). அதற்காக அவரைக் கொல்லத் துணிந்தபோது, மூப்பர்கள் மீகாவின் வாக்கை எடுத்துக்காட்டி அவருக்குத் துணை நின்றார்கள் (26:18). முதல் ஆலயம் கி.மு. 586 அளவில் நேபுகாத்நேச்சாரின் படையால் எரிக்கப்பட்டது. இயேசு ஆலயத்தைச் சுத்திகரித்தபோது சொன்ன ‘கள்ளர் குகை’ என்ற தொடர் எரேமியா 7:11இலிருந்து வந்தது. ஆகாய் 2:15இல் இரண்டாம் ஆலயத்தின் தொடக்கமே கல்லின்மேல் கல் வைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அப்படி எழும்பிய ஆலயம் அதே சொற்களின் தலைகீழ் வடிவத்தில் தீர்ப்பைப் பெறுவதை உரக்க வாசித்துப் பார்த்தால் நெஞ்சு நடுங்கும்.

சூரியன் அந்தகாரப்படுவதும் நட்சத்திரங்கள் விழுவதும் பழைய ஏற்பாட்டு மொழியே. ஏசாயா 13:10 பாபிலோனின் வீழ்ச்சியையும், எசேக்கியேல் 32:7 எகிப்தின் வீழ்ச்சியையும் இதே சொற்களில் பாடுகின்றன. ஓர் அரசு சாய்வதை வானமே இருண்டதாகப் பாடுவது தீர்க்கதரிசிகளின் மரபு. மனுஷகுமாரன் மேகங்களோடு வருவது தானியேல் 7:13இலிருந்து வருகிறது. அங்கே அவர் நீண்ட ஆயுசுள்ளவராகிய தேவனின் சமுகத்துக்கு ஆட்சியைப் பெற்றுக்கொள்ள வருகிறார். ஆகவே அந்தச் சொற்றொடர் இரண்டாம் வருகையை மட்டுமே குறிக்கும் என்று வாதிடுகிறவர் தானியேலுக்கும் பதில் சொல்லவேண்டும்.

மாற்கு 13:14இல் வரும் ‘பாழாக்குகிற அருவருப்பு’ என்பதற்கும் இதே வழியில் செல்லுங்கள். கி.மு. 167இல் அந்தியோகஸ் எப்பிபானஸ் என்ற கிரேக்க மன்னனின் ஆணைப்படி எருசலேமின் பலிபீடம் தீட்டுப்படுத்தப்பட்டதை 1 மக்கபேயர் 1:54 இதே பெயரால் குறிப்பிடுகிறது. கி.பி. 40 அளவில் ரோமப் பேரரசன் கலிகுலா தன் சிலையை அதே ஆலயத்தில் நிறுத்த முயன்று, அது நடப்பதற்குள் 41இல் கொல்லப்பட்டான். மாற்கும் மத்தேயுவும் ‘வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்’ என்று குறிப்பாகச் சொல்லி நிறுத்துமிடத்தில், லூக்கா 21:20 சேனைகளால் எருசலேம் சூழப்படுவதை வெளிப்படையாகச் சொல்கிறது.

வரலாற்றை இதற்குப் பிறகு கொண்டுவாருங்கள். கி.பி. 66இல் ரோமுக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கியது. 70இல், பஸ்கா பண்டிகைக் காலத்தில், ரோமத் தளபதி தீத்து நகரை முற்றுகையிட்டான். பஞ்சத்துக்குப் பின் ஆகஸ்டில் ஆலயம் எரிந்தது. முக்கியச் சாட்சி யோசேபஸின் ‘யூதப் போர்’ என்ற நூல். அவர் ரோமரின் ஆதரவில் எழுதியவர் என்பதால், தீத்து ஆலயத்தைக் காப்பாற்ற விரும்பினான் என்ற அவருடைய கூற்றையும், 11 லட்சம் பேர் மாண்டார்கள் என்ற கணக்கையும் அப்படியே மேடையில் ஒப்பிக்கக்கூடாது. போருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அனனியாவின் மகன் இயேசு என்ற வேறொரு நாட்டுப்புறத்தான் எருசலேமுக்கு ஐயோ என்று கூவத் தொடங்கி, அடிபட்டும் நிறுத்தாமல், முற்றுகையில் கல்லெறி பொறியின் கல் பட்டு இறந்ததையும் இதே நூல் பதிவுசெய்திருக்கிறது. மேற்குச் சுவர் இன்றும் நிற்கிறதே, வாக்குப் பொய்த்ததா என்று ஒருவர் கேட்பார். நிற்பது ஆலயமன்று, ஆலய மேடையைத் தாங்கிய சுற்றுச்சுவர். மேலேயிருந்து தள்ளப்பட்ட கற்கள் அதன் தென்மேற்கு மூலையருகே பழைய தெருவின்மேல் இன்றும் குவிந்து கிடக்கின்றன. நடந்த பிறகு எழுதி இயேசுவின் வாயில் வைத்தார்களா என்றும் கேட்கப்படும். மாற்கு எழுதப்பட்ட காலத்தை அறிஞர்கள் ஏறத்தாழ 65க்கும் 75க்கும் இடையில் வைப்பதால் அது நியாயமான கேள்விதான். அழிவின் மிகக் கண்கூடான அம்சமாகிய தீயைப் பற்றி மாற்கு 13 ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை, வாக்கு நிகழ்ச்சிக்கு முந்தியது என்பதற்கு ஆதாரமாகச் சிலர் காட்டுகிறார்கள். எனக்கு அது வலுவான வாதமாகவே படுகிறது.

இனி மத்தேயு 24:34. ‘இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது, தமிழ்ச் செவிக்குச் சந்ததி என்பது வாரிசு, வம்சம் என்று ஒலிக்கிறது. யூத இனம் அழியாது என்ற விளக்கத்துக்கு இது எளிதில் இடமளிக்கிறது. அதே கிரேக்கச் சொல்லை அதே மொழிபெயர்ப்பு மத்தேயு 1:17இல் ‘தலைமுறை’ என்று பெயர்த்திருக்கிறது; கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் இந்த இடத்திலும் ‘தலைமுறை’ என்றே வைக்கிறது. இயேசு பேசிய ஏறத்தாழ 30ஆம் ஆண்டிலிருந்து ஆலயம் எரிந்த 70 வரை 40 ஆண்டுகள் என்பதை அந்தச் சொல்லோடு சேர்த்துப் பாருங்கள். இதைக்கொண்டு, உரை முழுவதும் அல்லது அதன் பெரும்பகுதி அந்தத் தலைமுறையிலேயே நிறைவேறியது என்பார் ஒரு சாரார். பெரும்பகுதி இனிமேல்தான் நடக்கும், ஆலயம் மீண்டும் கட்டப்படும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையால் பரவிய பார்வை. அருகிலுள்ள அழிவு தொலைவிலுள்ள முடிவுக்கு முன்னிழலாக நிற்கிறது என்பது மூன்றாவது. நான் மூன்றாவதன் பக்கம் சாய்கிறேன். ஏனெனில் 34ஆம் வசனம் ‘இவைகளெல்லாம்’ என்று பேச, 36ஆம் வசனம் ‘அந்த நாளை’ பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று தனியே பிரிக்கிறது. இஸ்ரவேல் நாடு உருவான 1948உடன் 40ஐக் கூட்டி 1988ஐ எதிர்பார்த்தவர்கள் இந்த வசனத்தைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டியிருந்தது.

ஒரு வேண்டுகோள். ஆலயத்தின் வீழ்ச்சியை, யூதர்கள்மேல் கிறிஸ்தவர்கள் அடைந்த வெற்றியாக நூற்றாண்டுகளாகப் பிரசங்கித்தார்கள். அந்தப் பிரசங்கம் யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்குத் துணைபோனது. யூதர்கள் ஒவ்வோர் ஆண்டும் தங்கள் நாட்காட்டியின் ஆப் மாதம் 9ஆம் நாளில் இரண்டு ஆலயங்களுக்காகவும் உபவாசமிருந்து, புலம்பல் புத்தகத்தை வாசித்து அழுகிறார்கள். இயேசுவும் அந்த நகரத்துக்காக அழுதவரே. ஆகவே வகுப்பு நடக்கும் நாளில் லூக்கா 19:41 முதல் 44 வரை ஒருவரை நிதானமாக உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சற்று நேரம் யாரும் பேசாமல் இருந்துவிட்டு, அதன் பிறகு மாற்கு 13ஐத் திறவுங்கள்.